'ஜீப்னா ஒழுகத்தான் செய்யும்' - இந்த டயலாக்கை நம்பாதீங்க!

போன வருஷம் வடகிழக்குப் பருவமழை தொடங்கின வாரம். ஆபீஸ் பார்க்கிங்ல இருந்து வண்டியை எடுத்து முதல் திருப்பத்தில் திரும்பினேன். இடது பக்க ஃபுட்மேட்டுக்குக் கீழே 'சளக்' என்று ஒரு சத்தம். அடுத்த திருப்பத்தில் மறுபடி 'சளக்'. சிக்னலில் நிறுத்திக் கையை விட்டுப் பார்த்தால், கார்பெட் முழுக்கத் தண்ணீர். அங்கே சாய்த்து வைத்திருந்த லேப்டாப் பை பாதி நனைந்திருந்தது.

வண்டி நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஃபோர் பை ஃபோர். ஹார்டு டாப். இ.எம்.ஐ. ஆளுக்குப் பாதி. எந்த கம்பெனி, எந்த மாடல் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது இந்தக் கட்டுரைக்குத் தேவையும் இல்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அட்வைசர் வண்டிக்குள் தலையைக்கூட விடவில்லை. "மேடம், இது ஆஃப்-ரோடு வண்டி. ஜீப் டைப்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். சிலிகான் போட்டுத் தர்றோம்" என்றார். போட்டார்கள். அடுத்த மழையில் அதே 'சளக்'.

இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. வண்டி வாங்கினவங்களே பெருமையா சொல்றதும் உண்டு. ஒழுகுறது ஒரு 'கேரக்டர்' மாதிரி. என் கருத்து நேரடியானது: இது ஒரு காலத்தில் பாதி உண்மை. இன்றைக்கு இது ஒரு சாக்கு. அந்தச் சாக்கை ஏற்றுக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்புக்குக் கதவே கிடையாது. மேலே கேன்வாஸ் துணி. உள்ளே வரும் தண்ணீர் தரையில் இருக்கும் துளை வழியாக வெளியே போய்விடும். 1948-ல் வந்த லேண்ட் ரோவரும், பிறகு டிஃபெண்டர் என்று பெயர் வாங்கி 2016 வரை தயாரான அதன் வாரிசும், அலுமினியத் தகடுகளை போல்ட் போட்டு இணைத்த வண்டிகள். இணைப்பு இருக்கும் இடமெல்லாம் கசிவுக்கு வாய்ப்பு. அது ஒழுகும் என்பது அதன் ரசிகர்களுக்கே பழைய ஜோக்.

ஆனால், அந்த வண்டிகளின் தரையில் என்ன இருந்தது? வெறும் தகடு. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடலாம். இன்றைய வண்டியில் கார்பெட், அதுக்குக் கீழே கனமான ஸ்பாஞ்ச், அதுக்கும் கீழே வயரிங். சீட்டுக்கு அடியில் கனெக்டர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் யூனிட்டே நடுப்பகுதியில், தரையை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்து ஜீப்புக்குச் சொன்ன வசனத்தை இந்த வண்டிக்குச் சொல்வது எப்படி நியாயம்?

எங்கள் விஷயத்தில், மழை தொடங்கி ஏழாவது வாரம் டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரிந்தது. அணையவே இல்லை. அந்த லைட் எரிந்தால், விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று அர்த்தம். ஈரமாக இருந்த அந்த இடது சீட்டில் வழக்கமாக உட்காருவது அம்மா. அதுவரை நாற்றம், லேப்டாப் பை என்று புலம்பிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அண்ணனின் யோசனை வேறு மாதிரி இருந்தது. "விடு, மழை முடிஞ்சதும் காய வெச்சு ஆன்லைன்ல போட்டு வித்துரலாம்." எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல்ல, அது என்ன தண்ணி?

மழை பெய்தது, உள்ளே ஈரம். அதனால் மழைத் தண்ணீர் என்று முடிவு பண்ணிடாதீங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏ.சி. ஓடினால், காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராக மாறும். அது ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். ஏ.சி. போட்டு நிறுத்தின காருக்குக் கீழே ஈரம் தெரியுமே, அதுதான். ஆஃப்-ரோடு போகும் வண்டிகளில் அந்தக் குழாயின் வாயில் சேறு அப்பி, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே இறங்கும். மழையே இல்லாத நாளிலும் கார்பெட் நனைந்து, தண்ணீர் சுத்தமாக, வாசனை இல்லாமல் இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். வண்டிக்கு அடியில் சொட்டவில்லை என்றால் சந்தேகம் உறுதி.

பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு, நிறத்தோடு இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் பகுதியில் கசிவு. இதை வீட்டில் நோண்டாதீங்க, நேராக மெக்கானிக்கிடம் போங்க. கூலன்ட் குறைந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

இன்னொன்று, ஓடை கடந்த தண்ணீர். தார் வண்டிக்கு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண், வண்டி மெதுவாக அந்த ஆழத்தைக் கடக்கலாம் என்பதற்கானது. கேபினுக்குள் ஒரு சொட்டும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கதவின் கீழ் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் நின்றால், பீடிங் ரப்பர் எவ்வளவு புதுசா இருந்தாலும் கொஞ்சம் உள்ளே வரும். தரைத் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடி ஒன்று பாறையில் உரசிக் கழன்றிருந்தால், கொஞ்சம் இல்லை, நிறையவே வரும். சாதாரண மழையில் நனைந்த ரோட்டில் போனாலே டயர் அடிக்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ஏறும். மேலே எவ்வளவு சிலிகான் அப்பினாலும் இது நிற்காது, பாவம்.

சொட்டுற இடம் வேற, நுழையுற இடம் வேற

நண்பர் ஒருவர் சொல்லி, புதுப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனோம். அறுபது வயதிருக்கும் அந்த அண்ணனுக்கு. சிலிகான் அப்பின இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் பாப்பா, ஓட்டு வீட்டுல இருந்திருக்கியா? தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர் மேலயா ஓடு உடைஞ்சிருக்கும்? எங்கயோ பூந்து, கட்டையைப் புடிச்சுக்கிட்டே வந்து, உன் தலையில சொட்டும்" என்றார்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் தகட்டின் மடிப்பையும் வயரையும் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கும். பின் கதவுப் பக்கம் நுழைந்த தண்ணீர், நீங்கள் பிரேக் போடும்போது முன் சீட்டுக்கு அடியில் வந்து நிற்கும். சரிவில் நிறுத்தியிருந்தால் எதிர்ப்பக்கம் தேங்கும். ஈரம் தெரியும் இடத்தில் சிலிகான் வைப்பது, காலில் ரத்தம் வழிகிறது என்று காலுக்குக் கட்டுப் போடுவது மாதிரி; காயம் முழங்காலில் இருக்கும்.

அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. உள்ளே இருக்கும் மேட், கார்பெட், பக்கவாட்டு பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துவிட்டு, தகட்டைத் துடைத்து, நியூஸ்பேப்பர் விரித்தார். (எங்க பேப்பர்தான். பிரிண்ட் எடிஷனுக்கு இன்னும் மவுசு இருக்கு.) ஒருத்தர் உள்ளே டார்ச்சோடு உட்காரணும். இன்னொருத்தர் வெளியே சாதாரணத் தோட்டத்து ஓஸ் பைப்பில், பிரஷர் இல்லாமல், கீழே இருந்து மேலே தண்ணீர் விடணும். முதலில் கதவின் கீழ் விளிம்பு. ஐந்து நிமிஷம். பிறகு கதவுக் கண்ணாடி. ஐந்து நிமிஷம். பிறகு முன் கண்ணாடியின் கீழே, வைப்பர் இருக்கும் பகுதி. கடைசியாகக் கூரை. மேலே இருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் கூடவே கூடாது. அது நல்ல பீடிங்கையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். இல்லாத ஓட்டையைக் காட்டும்.

பொறுமை வேண்டும். நாங்கள் முதல் நாற்பது நிமிஷம் ஒன்றுமே பார்க்கவில்லை. அண்ணன் உள்ளே உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டான். வைப்பர் பகுதியில் ஓஸை வைத்து மூன்றாவது நிமிஷம் "ஏய்... வருது வருது!" என்று கத்தினான்.

வந்தது எங்கிருந்து தெரியுமா? முந்தைய ஓனர் முன்னால் எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருக்கிறார். அதற்கு வயர் கொண்டுவர, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். ரப்பர் குரோமெட் போடவில்லை. எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். காட்டுப் பாதையில் பாடி முறுக்கி முறுக்கி, அந்த எம்-சீல் பிளந்துவிட்டது. வயர் மேலிருந்து சரிந்து வந்ததால், தண்ணீர் அதையே படிக்கட்டாக வைத்து உள்ளே இறங்கியிருக்கிறது. அதோடு, வைப்பருக்குக் கீழே மழைத் தண்ணீர் வெளியேறும் பாதையில் வேப்ப இலைச் சருகு மக்கி அடைத்திருந்தது. அதனால் தண்ணீர் அங்கே குளம் கட்டி, துளையின் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒழுகியிருக்காது. அதனால்தான் சின்ன மழையில் ஒன்றுமில்லாமல், கொட்டும்போது மட்டும் 'சளக்'.

குரோமெட் விலை 40 ரூபாய். சருகு எடுக்கக் கூலியே இல்லை. வயரை, துளைக்கு முன்னால் கீழே ஒரு வளைவு விட்டுத் தொங்கவிட்டு மேலே ஏற்றிவிட்டார். இனி வயரில் வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. வேப்ப மரத்தடியில் வண்டி விடுறவங்க மாசம் ஒரு தடவை அந்த இடத்தைக் கையால் சுத்தம் பண்ணுங்க. வடிகால் குழாயில் கட்டுக்கம்பியை விட்டுக் குத்தாதீங்க. குழாய் உள்ளேயே கழன்றுவிடும். வளையக்கூடிய நைலான் நரம்பு போதும்.

கதவுல ஒரு ரகசியம்

இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கதவுக் கண்ணாடியை ஒட்டி வெளியே ஒரு ரப்பர் இருக்குமே, அது தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காக இல்லை. மழைத் தண்ணீர் கதவுக்குள் போவது வழக்கமான விஷயம். உள்ளே போய், கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியேறும்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சேற்றில் ஓடும் வண்டியில் அந்தத் துளைகள் அடைத்துக்கொள்ளும். கதவைச் சாத்தும்போது உள்ளே 'குளுக்' என்று சத்தம் கேட்டால் அதுதான் காரணம். ஒரு குச்சியால் சேற்றை எடுத்துவிட்டாலே வேலை முடிந்தது.

கதவின் உள்பக்கம் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கேபினுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் ஒரே சுவர் அது. ஸ்பீக்கர் மாற்றும் கடைகளில் முதலில் கிழிவது அதுதான். திருப்பி ஒட்டுவதும் இல்லை. கருப்பாக, பிசுபிசுவென்று இருக்கும் பியூட்டைல் டேப் வாங்கி ஒட்டினால் போதும்.

பீடிங் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க ஒரு துண்டுப் பேப்பரைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்க. இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிமானம் இல்லை. இன்னொரு இலவச டெஸ்ட், தூசி. காய்ந்த செம்மண் பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, கழுவுவதற்கு முன்னால் கதவுகளைத் திறந்து பீடிங்கைப் பாருங்க. எந்த இடத்தில் தூசி கோடு போட்டு உள்ளே வந்திருக்கிறதோ, அங்கே மழையும் வரும். கொழுக்குமலை மாதிரி ஜீப் பாதைக்குப் போய் வந்தவங்க இதை உடனே செய்யலாம். கூரையைக் கழற்றி மாட்டும் வகை வண்டி என்றால் கூரை பாடியில் உட்காரும் மூலைகளையும் இப்படிப் பாருங்க. பெரும்பாலும் ஒரு போல்ட் சரியாக இறுகாத கதைதான்.

சிலிகானை ஏன் திட்டுறேன்?

வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிகான், பாத்ரூம் டைல்ஸுக்கு ஓகே. காய்கிறபோது அது அமிலத்தை வெளியிடும். வெறும் இரும்புத் தகட்டில் வைத்தால் துருவுக்கு நாமே வெத்தலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. அதைவிடப் பெரிய தொல்லை, பிறகு அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது, சரியான சீலன்டும் ஒட்டாது. சர்வீஸ் சென்டரில் வைத்ததைச் சுரண்டி எடுக்க டிங்கரிங் அண்ணனுக்கு அரை நாள் ஆனது. அசல் வேலையே ஒரு மணி நேரம்தான்.

முன் கண்ணாடிக்கு பாலியூரித்தேன் சீலன்ட். தகட்டு மடிப்புகளுக்கு, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சீம் சீலர். வயர் துளைக்கு குரோமெட். இடத்துக்கு ஏற்ற பொருள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே டியூபை எடுத்தால் வேறு கடை பாருங்க.

காய வைக்காம மூடினா வேஸ்ட்

ஓட்டையை அடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்போம். கார்பெட்டின் மேல்பகுதி ஒரே நாளில் காய்ந்துவிடும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்தால், உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. நாங்கள் கார்பெட்டையே கழற்றி ஹாலில் ஃபேனுக்குக் கீழே நான்கு நாள் போட்டோம். "வீடா இது, பட்டறையா?" என்று அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சீட்டைக் கழற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்க. அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சில நிமிஷம் காத்திருந்த பிறகுதான் அதைத் தொடணும். எங்கள் வண்டியில் இடது சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரின் பின்கள் பச்சையாகப் பூத்திருந்தன. மாற்றினார். லைட் அணைந்தது. சீட் போல்ட் இருக்கும் இடத்தில் துரு தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் வெல்டிங்குக்குத்தான் போயிருக்கும்.

'அப்படித்தான் இருக்கும்'னா, எழுதிக் கொடுங்க

புது வண்டி, வாரண்டி இருக்கு, ஒழுகுது என்றால் உங்க வேலை ஓஸ் பிடிப்பது இல்லை. வீடியோ எடுங்க, தேதியோடு. ஜாப் கார்டில் 'கேபினுக்குள் தண்ணீர் கசிவு' என்று எழுத வையுங்க. 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீங்க. "இந்த மாடல் அப்படித்தான்" என்று சொன்னால், அதையே கார்டில் எழுதித் தரச் சொல்லுங்க. ஓடும் பேச்சு அங்கே நிற்கும். தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பிரச்னை எழுந்த 2 வருஷத்துக்குள் ஆணையத்தில் புகார் செய்யணும். அதுவரை வாரண்டியைக் கெடுக்கும் எதையும் செய்யாதீங்க. வெளிக்கடையில் வயரை வெட்டி லைட் மாட்டுவது முக்கியமாக. எங்கள் வண்டிக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க, டெஸ்ட் டிரைவ் போவதற்கு முன்னாடி ஃபுட்மேட்டைத் தூக்கி, கார்பெட்டின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பாருங்க. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கா பாருங்க. ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும் பாருங்க. நாங்கள் இது எதையும் செய்யவில்லை. வண்டி வாங்கின அன்றைக்கு உள்ளே மல்லிகை வாசனை தூக்கியது. டேஷ்போர்டில் இரண்டு கார் பெர்ஃப்யூம். "செம்மையா மெயின்டெயின் பண்ணியிருக்காருடா" என்று அண்ணன் சொன்னான்.

அதனால்தான் காய வைத்து விற்கலாம் என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஒருவர் செய்ததை நாங்கள் அடுத்தவருக்குச் செய்யணும். அந்த இடது சீட்டில் வேறு யாரோ ஒருவரின் அம்மா. இதை அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, குரோமெட் எங்க கிடைக்கும்?" என்றான்.

வண்டி இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது. முன்பக்கம் ஒரு மழைக்காலத்தை முழுசாகத் தாண்டிவிட்டது. பின் கதவுதான் பாக்கி. ஸ்டெப்னியை அதில் தொங்கவிட்டிருப்பதால், அந்த கனத்தில் ஹின்ஜ் தேய்ந்து கதவு லேசாக இறங்கியிருக்கிறது. மேல் மூலையில் பீடிங் அமுங்கவில்லை. ஹின்ஜ் புஷ் இந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மறுபடி புதுப்பேட்டை போகணும். டிக்கியில் நியூஸ்பேப்பர் விரித்து வைத்திருக்கிறோம். இன்றைக்குக் காலையில் பார்த்தேன். உள்ளங்கை அளவு ஈரம்.